பைன் காட்டுத் துகள் அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மரங்கள் வெளிவிடும் வாசனை ஆவிகளிலிருந்து காற்றில் உருவாகும் நுண்துகள்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், அவை ‘வெயில் ஏறியதும் ஆவியாகிக் கலைந்துவிடும்’ என்று ஒரு வரி இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதை யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது.

பைன் மரத்து மணத்துக்கு முக்கியக் காரணமான ஆல்ஃபா பைனீன், ஓசோனோடு வினைபுரிந்தால் நூற்றுக்கணக்கான பொருள்கள் பிறக்கின்றன. பினோனிக் அமிலம் போல எளிதில் பறந்துபோவதும் அதில் உண்டு. இரண்டு மூலக்கூறுகள் பிணைந்து, அறை வெப்பத்தில் அசையாமல் கிடப்பதும் உண்டு. எல்லாம் தண்ணீர்போல் ஓடும் திரவமாக இருந்து, ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தப்படி (ஆவியாகும் போக்கின் அளவுப்படி) வெளியேறினால் துகளின் பெரும்பகுதி சில நிமிடங்களில் காலியாகிவிடும் என்றுதான் பழைய கணக்கு சொன்னது.

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்தது. ஆய்வகத்தில் ஆல்ஃபா பைனீனிலிருந்து உருவாக்கிய துகள்களை அறை வெப்பத்தில் உலர்ந்த காற்றில் அடைத்து, கழன்று வரும் ஆவியைச் செயலூட்டிய கரி உறிஞ்சும்படி வைத்தார்கள். முதல் 100 நிமிடத்தில் ஏறக்குறையப் பாதி போனது. அதன்பின் வேகம் படுத்துவிட்டது. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தும் கால் பங்குதான் கூடுதலாகக் குறைந்தது. வெளிக்காற்றில் பிடித்த துகள்களோ நாலு மணி நேரத்தில் 20 சதவீதம்கூட இழக்கவில்லை.

காரணம் பாகுத்தன்மை: துகள் கெட்டிப்பாகுபோல் இறுகியிருப்பதால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் எளிதில் வெளியே வர முடிவதில்லை. ஃபின்லாந்தின் ஹூட்டியாலா காட்டுத் துகள்கள் தட்டில் மோதினால் ஒட்டாமல் துள்ளுகின்றன என்று 2010லேயே காட்டினார்கள். திரவத் துளி அப்படித் துள்ளாது. வெல்லப்பாகை நினைத்துக்கொள்ளலாம். பதம் முற்றியது அசையாது, கொஞ்சம் தண்ணீர் பட்டால் இளகும். துகளும் அப்படித்தான்: வறண்ட காற்றில் மெதுவாகவும் ஈரக்காற்றில் வேகமாகவும் ஆவியாகிறது. ஈரப்பதத்தைச் சொல்லாமல் ‘இத்தனை சதவீதம் ஆவியானது’ என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

அளவிடுவதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. 100 நானோமீட்டர் துகள் 79க்கு இளைத்தால் பார்வைக்கு ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. கன அளவில் பாதி போய்விட்டது. சூடான குழாய் வழியே பத்து இருபது நொடி அனுப்பிப் பார்க்கும் முறையில் இன்னொரு வம்பு: அந்த நேரத்துக்குள் ஆவியாகி முடிவதில்லை, பிணைந்த மூலக்கூறுகள் சூட்டில் உடைந்து, இலேசான பொருள்போல வேஷம் போடுகின்றன. அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடைத்த முடிவோடு இதை நேராக ஒப்பிடக்கூடாது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். சில தானியங்கிக் காற்றுமாசு மானிகள் ஈரத்தை விரட்ட மாதிரியை 50 டிகிரிக்குச் சூடாக்குகின்றன. அங்கே எளிதில் பறக்கும் பகுதி எடைபோடும் முன்பே கிளம்பிவிடும். மானி காட்டுவது மிச்சத்தை மட்டும்தான்.