எங்களுக்கு அது வீட்டுப்பாடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் இசைப் பட்டியல்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 'தலைசிறந்த 500 ஆல்பங்கள்' மாதிரியான பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டு டிக் அடிப்பது ரசனை ஆகாது, அது வீட்டுப்பாடம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். படித்ததும் என் வீட்டுக்காரர் பத்திரிகையை என் பக்கம் தள்ளி, "நம்மளைத்தான் சொல்றார்" என்றார். சரி, நாமே பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2021 ஜனவரி முதல் வாரத்தில் ஆரம்பித்து 2024 நடுவில் முடித்தோம். ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 2020-இல் வெளியிட்ட பட்டியல், 500-இலிருந்து 1 வரை பின்னாலிருந்து முன்னால், வாரத்துக்கு மூன்று. ஓர் ஆல்பத்துக்குச் சராசரியாக முக்கால் மணி நேரம் என்று வைத்தாலே 375 மணி நேரம் ஆகிறது. இவ்வளவு நேரம் வேறு எதற்காகவும் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை.

வீட்டுப்பாடம் என்று கட்டுரையாளர் சொன்னதை நான் மறுக்கவில்லை. வீட்டுப்பாடமாக இருந்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. எப்படி என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய நிலையைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி 19 வருஷம். என் வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் நான் "நல்லாருக்கு" என்பேன், மனசு வேறு எங்கோ இருக்கும். என் பாட்டை நான் போட்டால் அவர் தலையை ஆட்டுவார், கண் ஃபோனில் இருக்கும். யாருடைய பாட்டு ஓடுகிறதோ அவர் வீட்டுக்குச் சொந்தக்காரர், மற்றவர் விருந்தாளி. விருந்துக்குப் போன இடத்தில் உப்பு அதிகம் என்று யார் சொல்வார்கள்? இந்தப் பட்டியலோ யாரோ 300 சொச்சம் பேர், பாடகர்கள், தயாரிப்பாளர்கள், விமர்சகர்கள் என்று எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் ஓட்டுப் போட்டுச் செய்தது. அதில் இருப்பது அவர் பாட்டும் இல்லை, என் பாட்டும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் யார் மனமும் நோகாது, தாராளமாகத் திட்டலாம். இந்த வசதி எங்களுக்கு அதுவரை இருந்ததில்லை.

ஆனாலும் பழக்கம் உடனே விடவில்லை. ஒவ்வொரு ஆல்பமும் முடிந்ததும் ஆளுக்கு ஒரு மதிப்பெண் சொல்வது என்று வைத்திருந்தோம். முதல் வாரம் மூன்று ஆல்பத்துக்கும் நான் ஏழு, அவரும் ஏழு. என்ன பொருத்தம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஏனென்றால் அந்த மூன்றில் ஒன்று 498-ஆம் இடத்தில் இருந்த 'சூசைட்'. 1977-இல் வந்தது, ஆலன் வேகா, மார்ட்டின் ரெவ் என்று இரண்டே பேர், கிட்டார் கிடையாது, ஒரு பழைய ஆர்கன், ஒரு தாள இயந்திரம், அவ்வளவுதான். அதில் பத்து நிமிஷத்துக்கு 'ஃப்ராங்கி டியர்ட்ராப்' என்று ஒரு பாட்டு உண்டு. வேலை பார்த்தும் குடும்பத்துக்குச் சோறு போட முடியாத ஒருவன் கடைசியில் மனைவியையும் குழந்தையையும் சுட்டுவிட்டுத் தானும் செத்துப்போகிற கதை, நடுநடுவே பாடகர் உயிர் போகிற மாதிரி அலறுகிறார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டோம், முதல் அலறலுக்கு அவர் என் கையைப் பிடித்தார். அதற்கு ஏழு! எனக்காக ஏழு போட்டேன் என்று அவர் ஒத்துக்கொண்டார், அவருக்காகத்தான் நானும் ஏழு போட்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம், மற்றவர் எழுதி முடிக்கும்வரை கையால் மறைத்துக்கொண்டு எழுதுவது என்று ஆக்கினோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. 'சூசைட்'டுக்குத் திருத்தி எழுதியபோது அவர் போட்டது 2. நான் 9. அவர் என்னைக் கொஞ்ச நேரம் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு விதி அவர் கொண்டுவந்தது. பழைய ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிஷம்தான் பிடிக்கும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்பி என்ற அந்த நீள ரெக்கார்டைக் கொண்டுவந்த பிறகு ரொம்ப காலம் ஆல்பத்தின் வடிவத்தையே தீர்மானித்தது அதுதான்: முதல் பக்கத்தை எதில் முடிப்பது, தட்டைத் திருப்பிப் போட்டதும் எதில் ஆரம்பிப்பது என்று யோசித்துத்தான் பாட்டை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எங்களிடம் ரெக்கார்டு இல்லை, ஃபோனிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்பித்தான் கேட்டோம். ஆனாலும் முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிந்தது என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு, சரியாக அங்கே நிறுத்துவோம். அந்த இடைவெளியில் மட்டும் பேசலாம், மற்ற நேரம் வாயைத் திறக்கக் கூடாது. சின்ன விஷயம்தான், ஆனால் பாதியிலேயே பேசிவிட்டால் மீதியைக் கேட்கிற காது மாறிவிடுகிறது என்பதை நாங்கள் அதில்தான் கண்டோம். முதல் பக்கத்துக்கு அவர் சொன்ன குறை எனக்கு இரண்டாம் பக்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிடி காலத்து ஆல்பங்களுக்குத் திருப்பிப் போட இடமில்லை, எழுபது நிமிஷத்துக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். இடம் இருக்கிறது என்பதற்காகவே சேர்த்த பாட்டுகள் எவை என்று கண்டுபிடிப்பது எங்களுக்குத் தனி விளையாட்டு ஆனது.

சண்டையும் வந்தது. பெரிய சண்டை நான்காவது வாரத்திலேயே வந்துவிட்டது. 494-ஆம் இடத்தில் ரோனெட்ஸ் என்ற பெண்கள் குழுவின் 1964 ஆல்பம். அதற்கு ஐந்து இடம் தள்ளி, 489-இல், அவர்களுடைய தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் பாட்டுகளைத் திரட்டிய நாலு சிடி தொகுப்பு. 'பி மை பேபி' இரண்டிலும் இருக்கிறது. ஒரே பாட்டு, ஒருமுறை பாடியவர் கணக்கில், ஒருமுறை அவரைப் பாடவைத்தவர் கணக்கில். பாடிய ரோனியைத்தான் ஸ்பெக்டர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார், வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்திருந்தார் என்று ரோனியே பிற்பாடு எழுதியிருக்கிறார். 2009-இல் வேறொரு பெண்ணைக் கொன்ற வழக்கில் ஸ்பெக்டருக்குத் தண்டனை கிடைத்தது. நாங்கள் அந்தப் பக்கம் வருகிற நேரம், 2021 ஜனவரியில், தண்டனைக் காலத்திலேயே அவர் இறந்த செய்தி வந்தது. நாலு சிடியையும் கேட்டே ஆக வேண்டுமா என்று நான் கேட்டேன். பட்டியல் என்றால் பட்டியல் என்றார் அவர். ஆளை விடு, சத்தத்தைக் கேள், ஒரே அறையில் அத்தனை வாத்தியங்களை அடுக்கிச் சுவர் மாதிரி எழுப்பியிருக்கிறார் என்றார். சுவர்தான், உள்ளே யார் இருந்தார்கள் என்று பாருங்கள் என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. கடைசியில் கேட்டேன், முழுசாக. நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. என் பக்கத்தில் மதிப்பெண்ணுக்குப் பதில் 'ரோனிக்கு 10' என்று எழுதினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரையாளர் சொல்கிற மாதிரி பிடித்ததை மட்டும் தேடிக் கேட்டிருந்தால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்தே இருக்காது.

பட்டியல் மேல் எனக்குப் பக்தி எல்லாம் இல்லை. 497-இல் தென்னாப்பிரிக்கப் பாட்டு, 496-இல் ஷகிரா ஸ்பானிஷ் மொழியில் பாடியது என்று கீழே உலகம் கொஞ்சம் அகலமாகத்தான் தெரிந்தது. மேலே ஏற ஏற ஆங்கிலமே மிச்சம், முதல் பத்தில் வேறு மொழி ஆல்பமே கிடையாது. இதே பத்திரிகை 2003-இல் போட்டபோது முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்'. 2020-இல் அது 24-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. ஆல்பம் அதே ஆல்பம்தான், ஓட்டுப் போட்டவர்கள் மாறியிருக்கிறார்கள். அதனால் நம்பரை நம்பி யாரும் கேட்க வேண்டாம். நம்பர் என்பது இன்றைக்கு எது என்று சொல்ல ஒரு காலண்டர், அவ்வளவுதான்.

முதல் ஐம்பதுக்குள் வந்தபோது அவருக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது, ஒவ்வொன்றைப் பற்றியும் முன்கூட்டியே படித்துவைத்துக்கொண்டு வருவது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை (1959) கேட்கும்போது, முதல் பக்கத்தைப் பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால் ரெக்கார்டில் அந்தப் பக்கம் மட்டும் சுருதி லேசாக ஏறிப்போயிருந்தது, 1990-களில்தான் அதைச் சரிசெய்து வெளியிட்டார்கள் என்றார். எத்தனை லட்சம் பேர் முப்பது வருஷத்துக்கு மேல் தப்பான சுருதியில் கேட்டு உருகியிருப்பார்கள்! அதற்காக அவர்கள் உருகியது பொய்யாகிவிடுமா என்று அன்றைக்கு நடுராத்திரி வரை பேசினோம்.

ஏழாவது இடத்து 'ரூமர்ஸ்' (1977) பற்றித் தனியாக எழுதினால் உங்கள் பக்கம் போதாது. ஃப்ளீட்வுட் மேக் குழுவில் ஐந்து பேர், அதில் ஒரு தம்பதி விவாகரத்து, ஒரு காதல் ஜோடி பிரிவு, மிச்சம் இருந்தவருக்கும் வீட்டில் பிரச்சினை. இத்தனையும் நடக்கும்போதே ஒரே ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒருவரைப் பற்றி ஒருவர் பாட்டு எழுதியிருக்கிறார்கள். லின்ட்சி பக்கிங்ஹாம் உன் வழியைப் பார்த்துக்கொண்டு போ என்று பாடுகிறார், யாரைச் சொல்கிறாரோ அந்த ஸ்டீவி நிக்ஸ் பின்னால் நின்று கூடவே பாடுகிறார். "நம்மால முடியுமா?" என்று கேட்டேன். "நமக்கு முதல்ல பாட வராது" என்றார்.

ஐந்தாவது இடத்தில் மானம் போனது. பீட்டில்ஸின் 'அபே ரோடு'. மூன்று வருஷம் விதி, நோட்டு, பக்கம் என்று ஆடிவிட்டு, அன்றைக்குப் பகலில் மகள் என் ஃபோனில் ஏதோ கேட்டபோது பாட்டு வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிளைப் போட்டுவைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டாவதாக 23 விநாடிப் பாட்டு ஒன்று வந்து, கடைசி ஸ்வரம்கூட விழாமல் டக்கென்று அறுந்துபோனது. அப்புறம் ஒரு பாட்டு நடுவில் ஆரம்பித்தது, இன்னொன்று நடுவில் நின்றது. "அந்தக் காலத்துலயே என்ன துணிச்சலா வெட்டியிருக்காங்க பாரு" என்று அவர் இடைவேளையில் ரொம்ப நேரம் பாராட்டினார். இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் போகிற மாதிரி கோத்தவை, கலைத்துப் போட்டால் வெட்டுத்தான் மிஞ்சும், அந்த 23 விநாடிப் பாட்டு எல்லாம் முடிந்து கொஞ்சம் மௌனத்துக்குப் பிறகு வர வேண்டியது என்பதெல்லாம் மறுநாள்தான் தெரிந்தது. திரும்பக் கேட்டோம். அவர் மதிப்பெண்ணை மாற்றவில்லை, கௌரவப் பிரச்சினை.

கடைசி ஆல்பம் அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971). 35 நிமிஷம்தான். ஒரு கூட்டத்தில் நாலு பேர் பேசிச் சிரித்துக்கொள்கிற சத்தத்தில் ஆரம்பித்து, பாட்டும் பாட்டும் ஒட்டிக்கொண்டே போகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒருவன் ஊரைப் பார்த்து இங்கே என்ன நடக்கிறது என்று கேட்கிற மாதிரி. கத்தவில்லை, அதட்டவில்லை. நாங்கள் இருவரும் கையால் மறைக்காமல் எழுதிய ஆல்பம் அது ஒன்றுதான்.

முடிந்ததும் சும்மா இருக்காமல் அவர் பாட்டு எழுதியவர்கள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாட்டில் ஆன்னா கார்டி கே என்று இருந்தது. அந்தப் பெயரை எங்களுக்குத் தெரியும், மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே, மூன்றாவது வாரத்தில், 493-இல். அதுவும் மார்வின் கேதான், 1978-இல் வந்த 'ஹியர், மை டியர்'. விவாகரத்தில் மனைவிக்குத் தர வேண்டிய 6 லட்சம் டாலரை அடுத்த ஆல்பத்து வருமானத்திலிருந்து தருவது என்று முடிவாகி, அந்த மனைவியைப் பற்றியே இரட்டை ஆல்பம் பாடிக் கையில் கொடுத்தார், 'இந்தா, கண்ணே' என்று பெயர் வைத்து. எப்போது உன் அன்பு போனது, எப்போது என் அன்பு போனது என்ற ஒரே மெட்டு அதில் மூன்று தடவை வருகிறது. அந்த மனைவிதான் இந்த ஆன்னா. அன்றைக்கு நான் 3 போட்டிருந்தேன், புலம்பல், காசுக்காகச் செய்தது என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தேன். அவர் 8.

யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர் ஃபோனை எடுத்து 493-ஐப் போட்டார். எழுபது நிமிஷத்துக்கு மேல் ஓடும், மணி பத்தரை தாண்டியிருந்தது. நோட்டில் முதல் பக்கத்துக்கே திரும்பி, பழைய 3-க்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டேன். இன்னும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவரும் தன்னுடைய 8-ஐ அடித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார், என்ன என்று கேட்டால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி