செயலாளரின் ஆண்டறிக்கை: விக்டோரியா கப்பலும் நம் விவாதமும்

தலைவர் அவர்களே, மூத்த மாலுமிகளே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பதிவேட்டில் கையெழுத்திடாமல் நூலகப் புத்தகத்தை எடுத்துச் செல்லும் வழக்கமும் தவறாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்தது 'கடலில் மோதல்' என்ற உரை வரிசை; அதிலும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டோரியா.

1893 ஜூன் 22. இன்றைய லெபனானின் திரிப்போலிக்கு அப்பால், அமைதியான கடல், நல்ல வெயில். மத்தியதரைக் கடற்படை இரண்டு வரிசையாக வந்தது. ஒன்றுக்கு முன்னால் வைஸ் அட்மிரல் ஜார்ஜ் டிரையனின் விக்டோரியா. மற்றதற்கு ரியர் அட்மிரல் மார்க்கமின் கேம்ப்பர்டவுன். இரு வரிசையும் உட்பக்கமாகத் திரும்பி வந்த வழியே போகவேண்டும் என்பது டிரையனின் ஏற்பாடு. இடைவெளி ஆறு கேபிள், அதாவது 1,200 கெஜம். ஒவ்வொரு கப்பலும் அரைவட்டம் அடிக்க ஏறத்தாழ 800 கெஜம், இரண்டுக்குமாக 1,600 கெஜம் வேண்டும். கரும்பலகையில் இதை எழுதியதுமே நம் உறுப்பினர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

எட்டு கேபிளாவது வேண்டும் என்று அதிகாரி ஒருவர் சொன்னார். டிரையனும் ஒத்துக்கொண்டார். ஆனால் கொடி ஏறியது ஆறுக்கு. நினைவூட்டியவர்களுக்கு, ஆறே இருக்கட்டும் என்ற பதில்தான் கிடைத்தது. மார்க்கம் தயங்கினார், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேள்வி வந்ததும் பணிந்தார். மூன்றரை மணியளவில் கேம்ப்பர்டவுனின் நீரடி இடிமுனை விக்டோரியாவின் வலப்பக்க அணியத்தை, அதாவது முன்பகுதியைக் கிழித்தது. புழுக்கத்துக்காகத் திறந்து வைத்திருந்த கதவுகள் வழியே தண்ணீர் அறை அறையாகப் பரவியது. கால் மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. டிரையன் உட்பட 358 பேர் இறந்தனர். காய்ச்சலோடு படுத்திருந்த ஜான் ஜெல்லிக்கோ பிழைத்தார். 1916 ஜட்லண்ட் போரில் பிரிட்டிஷ் கடற்படையை நடத்தியவர் இவர்தான்.

மால்டாவில் கூடிய ராணுவ நீதிமன்றம் பழியை டிரையன்மேல் வைத்து, விக்டோரியாவின் கேப்டன் போர்க்கை விடுவித்தது. நம் கூட்டம் அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லவில்லை. எஞ்சின் அறையில் காலம் தள்ளியவர்கள் மார்க்கமுக்காகப் பரிந்து பேசினர். கீழ்ப்படியாவிட்டாலும் விசாரணைதானே என்றனர். மேல்தளத்தில் இருந்தவர்கள் ஏற்கவில்லை. என் கட்சி இது: ஆறா எட்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், ஏன் ஆறு என்று கேட்க ஒருவருக்கும் நா எழவில்லை.

தலைவர் இதற்குப் பலமாகக் கைதட்டினார். அடுத்த செயற்குழுவில் ஆண்டுவிழாத் தேதியை அவர் அறிவித்தபோது, அது பெரிய முகூர்த்த நாள் என்று தெரிந்தும் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். விழாவன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

2004இல் கண்டுபிடிக்கப்பட்ட சிதைவின் படங்களைத் திரையிட்டோம். அணியம் சேற்றில் புதைய, சுழல்விசிறிகள் மேலே தெரிய, கப்பல் செங்குத்தாக நிற்கிறது. முன்பக்கப் பீரங்கிகளின் பாரத்தால் என்று உரையாளர் விளக்கினார். தேநீர் ஆறிப்போனதை அன்று யாரும் குறை சொல்லவில்லை.

வரும் ஆண்டு நார்த்ஃப்ளீட்டை எடுத்துக்கொள்கிறோம். 1873இல் இங்கிலாந்தின் டஞ்செனஸ் அருகே நங்கூரமிட்டு நின்ற கப்பல் அது. அதில் மோதிய ஸ்பானிய நீராவிக் கப்பல் உதவிக்கு நிற்காமல் போய்விட்டது. உரையாற்ற விரும்புவோர் என்னிடம் பெயர் தரலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்