தோற்றவர்களின் வரைபடங்களைத் திருப்பித் தாருங்கள்

மாணவர் வடிவமைப்புப் போட்டிகளை நடத்தும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு மாணவர்களைத் திரட்டித் தரும் கல்லூரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் வீட்டில் குக்கர் அடுப்பில் ஏறினால் ஒரு தகராறு நிச்சயம். அம்மா மூன்று விசில் என்பார். பாட்டி நான்கு என்று அடித்துச் சொல்வார். பக்கத்து வீட்டுக் குக்கரையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள் என்று அப்பா நடுவில் புகுந்து பாட்டியைச் சீண்டுவார். பருப்பு சில நாள் குழைந்து களியாகும், சில நாள் முழித்துக்கொண்டு நிற்கும். பொருள் வடிவமைப்புப் படிப்பின் மூன்றாம் ஆண்டில், இந்தத் தகராறுக்கு ஒரு முடிவு கட்டுவதென்று உட்கார்ந்தேன்.

குக்கரின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி அது. கைப்பிடியிலிருந்து நீளும் கம்பியின் நுனியில் ஒரு மெல்லிய தகட்டு இதழ். விசில் வரும்போது சீறும் ஆவி அந்த இதழைத் தள்ளும். இதழ் அசைந்தால் உள்ளே ஒரு பற்சக்கரம் ஒரு பல் நகரும். முகப்பில் 1, 2, 3 என்று எண் மாறும். பேட்டரி கிடையாது. குக்கரின் வெயிட்டையோ பாதுகாப்பு வால்வையோ அது தொடவே தொடாது. அவற்றில் கை வைப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். ஏழு மாதிரிகள் செய்தேன். முதல் நான்கும் ஆவியின் ஈரத்தில் இறுகிப்போயின. ஐந்தாவது ஒரே விசிலுக்கு இரண்டு முறை எண்ணியது (பாட்டி அதைத்தான் மிகவும் விரும்பினார்). ஏழாவது ஓரளவு ஒழுங்காக வேலை செய்தது. 'விசில் எண்ணி' என்று பெயரிட்டேன்.

அதை ஒரு வீட்டுப்பொருள் நிறுவனம் நடத்திய மாணவர் போட்டிக்கு அனுப்பினேன். அனுப்பினேன் என்பதைவிட, அனுப்பவைக்கப்பட்டேன் என்பதே சரி. வகுப்பு முழுவதும் பங்கேற்க வேண்டும், அக மதிப்பெண்ணில் அது சேரும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். இணையப் படிவத்தின் கடைசியில் 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்றொரு சதுரம் இருந்தது. அதில் டிக் அடித்தேன். கடைசி நாள், இரவு பதினொன்றரை மணி. நீங்கள் என்றால் படித்திருப்பீர்களா?

முடிவுகள் வந்தன. முதல் மூன்று இடங்களில் நான் இல்லை. வென்ற மூன்றும் நல்ல படைப்புகள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பங்கேற்புச் சான்றிதழ் ஒன்று மின்னஞ்சலில் வந்தது, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. சில மாதங்கள் கழித்து வேலைக்கான நேர்காணலுக்கு என் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத் தயாரித்தபோது, விசில் எண்ணியின் படங்களை அதில் சேர்க்கலாமா என்று மரியாதைக்காக அந்த நிறுவனத்திடம் கேட்டு எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. விதி 11-ன்படி போட்டிக்கு வந்த படைப்புகள் அனைத்தும், பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், நிறுவனத்தின் சொத்து. முன் அனுமதி இன்றி எங்கும் காட்சிப்படுத்தக் கூடாது. அனுமதி தருகிறோம் என்றோ மறுக்கிறோம் என்றோ ஒரு சொல் இல்லை.

போட்டியில் தோற்றது நான். பொருளை இழந்ததும் நான். அவர்கள் அதைத் தயாரித்து விற்கவும் இல்லை. ஏதோ ஒரு கணினியின் மூலையில் எங்கள் வகுப்பு மொத்தமும் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. என் போர்ட்ஃபோலியோவில் அந்த நான்கு பக்கங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடைத் தாங்கி இருக்கிறது. சுமாரான குடைத் தாங்கி.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் 'அது நாங்கள் அல்ல' என்று நழுவிவிடுவீர்கள். இந்தப் பதிலுக்குப் பிறகு எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஒவ்வொரு போட்டியின் விதிகளையும் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். அதே விதி திரும்பத் திரும்ப வருகிறது. எண்தான் மாறுகிறது: ஓரிடத்தில் 9, இன்னோரிடத்தில் 14.

உரிமையைக் கேட்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ரூபாய்க் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் மத்திய அரசு அதற்காகப் பொதுப் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகள் வந்து குவிந்தன. அவற்றில் ஐந்து இறுதிச் சுற்றுக்குப் போயின. 2010 ஜூலை 15 அன்று உதயகுமாரின் வடிவத்தை அமைச்சரவை ஏற்றது. அவர் தமிழ்நாட்டுக்காரர், மும்பை ஐஐடியில் வடிவமைப்புத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். பரிசு 2.5 லட்சம் ரூபாய். அந்தக் குறியீடு இன்று நாட்டின் சொத்து. ஒரு நாணயக் குறியீட்டைத் தனியொருவர் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விலைச்சீட்டுக்கும் பங்கு கேட்கவா முடியும்? வென்றவருக்குப் பணம் கிடைத்தது, பெயர் கிடைத்தது, உரிமை கைமாறியதற்கு ஊரறிந்த காரணமும் இருந்தது. அப்படிக் கேட்டால் நானும் கொடுப்பேன்.

1971-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்த கரோலின் டேவிட்சன், நைக்கி காலணி நிறுவனத்தின் சின்னமான அந்த வளைந்த கோட்டை வரைந்தார். மணிக்கு 2 டாலர் கணக்கில் மொத்தம் 35 டாலர் பெற்றார். 1983-ல் அந்த நிறுவனம் அவரை அழைத்து ஒரு மோதிரமும் நிறுவனப் பங்குகளும் கொடுத்தது. அந்த 35 டாலரை அற்பக் கூலி என்று உலகம் இன்றும் சொல்லிக்காட்டுகிறது. உங்கள் விதி 11-ல் 35 ரூபாய்கூட இல்லை.

சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். நான் வழக்கறிஞர் அல்ல; ஆனால் பற்சக்கரம் செய்யக் கற்றவளுக்குச் சட்டப் பிரிவைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் மாணவர்களை மறந்துவிடவில்லை. வரைந்தவரே வரைபடத்தின் முதல் உரிமையாளர். உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை. இவற்றைப் படித்த பிறகுதான் உங்கள் விதியில் 'காலவரையின்றி, உலகெங்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்' என்ற சொற்கள் ஏன் வருகின்றன என்பது புரிந்தது. விதியை எழுதிக்கொடுத்தவருக்குச் சட்டம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. மாணவருக்குச் சாதகமாகச் சட்டம் திறந்துவைத்த ஒவ்வொரு கதவையும் தேடித்தேடிச் சாத்தியிருக்கிறார். ஒன்றை மட்டும் அவரால் அவ்வளவு எளிதாகச் சாத்த முடியாது. உரிமையை விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையை 57-ஆம் பிரிவு படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. இரவு பதினொன்றரைக்கு நான் அடித்த டிக் கையெழுத்தாகுமா என்ற கேள்வியை, கட்டணம் வாங்கும் யாரேனும் விவாதிக்கட்டும்.

பொருளின் வடிவத்துக்கு வேறு சட்டம், 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு. அதை 5 ஆண்டு நீட்டிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். என் ஏழு மாதிரிகளுக்கு ஆன செலவில் இது கால்வாசிகூட இல்லை. ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வடிவம் பொதுவெளியில் வந்துவிட்டால், புதுமை போயிற்று என்று விண்ணப்பம் தள்ளுபடியாகும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வந்த படைப்புகளை எல்லாம் அரங்கில் பலகை பலகையாக வைத்து, அமைச்சரையோ நடிகரையோ அழைத்துத் திறந்துவைத்து, படம் எடுத்துப் போடுகிறீர்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குப் படம் அனுப்புகிறோம். 'இதற்கு முன் பதிவு செய்துவிட்டாயா?' என்று எங்களிடம் கேட்பதற்கு ஒரு ஆசிரியர் இல்லை. கல்லூரிகளே, இந்த ஒரு வரி உங்களுக்கானது.

விளையாட்டுகளின் நிலை இன்னும் மோசம். நான் பொருள்களைவிட விளையாட்டுகளைத்தான் அதிகம் வடிவமைக்கிறேன். பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் சேர்ந்து ஆடும் ஆடு புலி ஆட்டப் பலகை ஒன்று செய்தேன். மூன்று புலிகளுக்கு மேல்முனையில் வெட்டு. பதினைந்து ஆடுகளுக்கு வழவழப்பான உருண்டைத் தலை. காய்கள் குழியில் முளைபோல் இறங்கி நிற்கும், ரயில் குலுங்கினாலும் சரியாது. தடவிப் பார்த்தாலே ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். இந்த ஆட்டத்தின் விதி என்னுடையது அல்ல, யாருடையதும் அல்ல. கோயில் மண்டபத் தரைக் கற்களில் இதன் கோடுகளைச் செதுக்கிவைத்துவிட்டுப் போனவர்கள் பெயர்கூட எழுதவில்லை. காயின் வடிவமும் குழியின் ஆழமும்தான் என் வேலை. ஆனால் 'படைப்பில் அடங்கியுள்ள அனைத்தும் நிறுவனத்துக்கே' என்கிறது உங்கள் விதி. அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், நான் இதை அனுப்பும் நாளில் ஆடு புலி ஆட்டமே உங்களுக்குச் சொந்தமாகிவிடும். கவனம்.

சிரிப்பை விடுங்கள். ஒரு மாணவர் புதிதாக ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தால் நிலைமை என்ன? 'விளையாட்டு ஆடும் முறை' காப்புரிமை பெறத்தக்க கண்டுபிடிப்பு அல்ல என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. பலகையின் ஓவியம், சீட்டுகளின் எழுத்து, பெயர் ஆகியவற்றைக் காத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் உயிரான விதிகளைக் காக்க முடியாது. எனவே, ஆட்டத்தை உருவாக்கியவருக்கு மிஞ்சுவது 'இதை முதலில் யோசித்தது இவர்' என்ற பெயர் ஒன்றே. அதுவும் எவ்வளவு எளிதாகத் தொலையும் என்பதற்கு எலிசபெத் மேகியின் கதை போதும். நிலத்தை வளைத்துப்போட்டு வாடகை கறப்பதன் அநியாயத்தைக் காட்டுவதற்காக அவர் உருவாக்கிய பலகை ஆட்டத்துக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1924-ல் திருத்திய வடிவத்துக்கும் ஒன்று பெற்றார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அந்தக் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு கிடையாது. அதே ஆண்டு, அவருடைய ஆட்டத்திலிருந்து வளர்ந்த மோனோபோலி கடைகளுக்கு வந்தது, சார்லஸ் டாரோ என்பவரின் கண்டுபிடிப்பாக. மேகி 1948-ல் இறந்தார். அவர் பெயர் பரவலாக வெளியே வந்ததே 1970-களில் தொடங்கிய ஒரு வழக்கால்தான். நில உடைமையின் பேராசையைப் பழித்துச் செய்த ஆட்டம், வாடகை வாங்கி அடுத்தவரை ஓட்டாண்டியாக்கும் ஆட்டமாக உலகம் முழுக்க விற்றது. அவர் கையில் காப்புரிமைப் பத்திரமாவது இருந்தது. எங்களிடம் எழுத்துப் பிழையுள்ள சான்றிதழ் இருக்கிறது.

உங்கள் தரப்பையும் யோசித்துப் பார்த்தேன். நாளை நீங்களே சொந்தமாக ஒரு விசில் கணக்கிடும் குக்கரைக் கொண்டுவந்தால், 'என் யோசனையைத் திருடிவிட்டார்கள்' என்று நூறு மாணவர்கள் கிளம்புவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். நியாயமான அச்சம்தான். அதற்கு வேண்டிய வரி வேறு: 'இதே போன்ற பணி எங்களிடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கலாம், அதை மட்டுமே காரணமாக வைத்து வழக்குத் தொடுக்க மாட்டேன்.' அதில் கையெழுத்திட எனக்குத் தயக்கமில்லை. மழைக்குப் பயந்து வானத்தையே எழுதி வாங்க வேண்டாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பரிசு பெற்றவரிடம் மட்டும் உரிமையைக் கேளுங்கள், அதையும் தனித்தாளில், கையெழுத்து வாங்கி, பரிசுத் தொகை வேறு உரிமைக்கான தொகை வேறு என்று பிரித்து எழுதுங்கள். தோற்றவர்களின் கோப்புகளை முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் அழித்துவிட்டோம் என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். கண்காட்சிக்கு முன் பதிவு செய்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் விடுங்கள். கல்லூரிகள், போட்டியில் பங்கேற்பதை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடுவதை நிறுத்துங்கள். விருப்பம் என்று சொல்லிவிட்டு மதிப்பெண்ணைக் காட்டினால் அது விருப்பம் ஆகாது. ஆண்டறிக்கையில் 'பங்கேற்ற மாணவர்கள் 62' என்று போட்டுக்கொள்வதற்காக அறுபத்திரண்டு பேரின் வேலையைத் தாரைவார்க்கிறீர்கள்.

இந்த மாதப் போட்டியின் சுவரொட்டி எங்கள் பட்டறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. கருப்பொருள், 'குடும்பத்தோடு விளையாடுவோம்'. என்னிடம் 'சில்லறை' என்றொரு சீட்டாட்டம் தயாராக இருக்கிறது. ஒருவர் டவுன் பஸ் நடத்துநர், மற்றவர்கள் பயணிகள். எல்லோரிடமும் ஐந்நூறு ரூபாய்த் தாள், யாரிடமும் சில்லறை இல்லை. இறங்கும் இடம் வருவதற்குள் மீதியைத் தேற்ற வேண்டும். தங்களுக்குள் தாள் மாற்றிக்கொள்ளலாம், கடன் சொல்லலாம், நடத்துநரைக் குழப்பலாம். விடுதியில் இருபது முறைக்கு மேல் ஆடிவிட்டோம். நடத்துநராக இருப்பவர் ஒவ்வொரு முறையும் நிஜமாகவே கோபப்படுகிறார். அந்தப் போட்டியின் விதிகளையும் படித்துவிட்டேன். இம்முறை எண் 8. இருபதாம் தேதி கடைசி நாள். அதற்குள் விதியை மாற்றினால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பொருள் வடிவமைப்பு இறுதியாண்டு மாணவி

பி.கு.: ஏழாவது மாதிரி எங்கள் வீட்டு அடுப்பில் இன்னும் இருக்கிறது. தீயைக் குறைத்து வைத்தால் நான்காவது விசிலைத் தவறவிடுகிறது. பாட்டி அந்த நேரம் பார்த்துத் தீயைக் குறைப்பதாக அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.