எட்டுப் பேர் சொன்னால் மேடை: அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்கும் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்கும்,

வணக்கம். நான் நியூ ஜெர்சி வாக்காளர். எந்தக் கட்சியிலும் பெயரைப் பதிந்துகொள்ளாதவன். இரண்டு குழுக்களுக்கும் ஒரே மடலை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் விவாதங்களில் யார் மேடை ஏறலாம், யார் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்க்கலாம் என்பதைக் கருத்துக்கணிப்புகளின் கையில் கொடுத்துவிட்டீர்கள். 2028 தேர்தலுக்கான விவாத விதிகளை எழுதும்போது அந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கிறேன்.

2019இல் ஸ்டீவ் புல்லக்குக்கு நடந்ததை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மொன்டானா மாநில ஆளுநர். 2016இல் டிரம்ப் அந்த மாநிலத்தை 20 புள்ளி வித்தியாசத்தில் அள்ளிக்கொண்டு போன அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், ஜனநாயகக் கட்சியின் பெயரில் நின்று மீண்டும் ஆளுநரானவர். டிரம்ப்பின் வாக்காளர்களை எப்படிப் பேசி இழுப்பது என்று கட்சி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம் அது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவரைவிடப் பொருத்தமான ஆள் எத்தனை பேர் இருந்தார்கள்? ஆனால் மயாமியில் நடந்த முதல் விவாதத்தில் 20 பேர் இரண்டு இரவுகளாகப் பேசினார்கள், அவர் இல்லை.

காரணம் இதுதான். மூன்று கணிப்புகளில் 1 சதவீதம் வாங்க வேண்டும், அல்லது 65,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. புல்லக் தரப்பு ஏபிசி தொலைக்காட்சி, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இரண்டும் சேர்ந்து எடுத்த ஒரு கணிப்பையும் கணக்கில் காட்டியது. செல்லாது என்றீர்கள். அந்தக் கணிப்பில் பெயர்ப்பட்டியலை வாசிக்கவில்லை. யாரை ஆதரிக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டு, வந்த பதிலைக் குறித்துக்கொண்டார்கள். அதாவது, யாரும் எடுத்துக் கொடுக்காமல் தானாகவே புல்லக் பெயரைச் சொன்னவர் கணக்கில் இல்லை. பட்டியலில் அந்தப் பெயரைக் கேட்டு “சரி, அவர்தான்” என்று சொல்பவர் கணக்கில் உண்டு. எனக்கென்னவோ முதலாமவரின் ஆதரவுதான் உறுதியானதாகத் தெரிகிறது. அடுத்த மாதம் டெட்ராய்ட் விவாதத்துக்குப் புல்லக் வந்தார். அதற்குள் முதல் விவாதத்தின் வெளிச்சம் வேறு ஆட்கள்மேல் விழுந்துவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் போட்டியிலிருந்தே விலகிவிட்டார்.

குடியரசுக் கட்சியினர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் மில்வாக்கி விவாதத்துக்கு நீங்கள் வைத்த விதியில், கணிப்பு ஒவ்வொன்றிலும் குறைந்தது 800 பேரிடம் கேட்டிருக்க வேண்டும் என்றீர்கள். நல்லதுதான். ஆனால் தேவை 1 சதவீதம். 800இல் 1 சதவீதம் என்றால் எட்டுப் பேர். அந்த எட்டில் ஒருவர் மனம் மாறினாலோ, இருவர் அழைப்பை எடுக்காமல் விட்டாலோ ஒரு முன்னாள் ஆளுநரோ முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரோ வெளியே நிற்க வேண்டியதுதான்.

கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 1,000 பேரிடம் பேசும் தேசியக் கணிப்பில் ஒரு கட்சியின் பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், வாக்களிக்கக்கூடியவர்கள் சுமார் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே 2 சதவீத ஆதரவு உள்ள ஒருவருக்கு அந்த 400 பேர் மாதிரியில் ஒரு வாரம் 1 சதவீதம் வரலாம், அடுத்த வாரம் 3 வரலாம். ஆதரவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை; யார் தொலைபேசியை எடுத்தார்கள் என்பதுதான் மாறியது. இதன்மேல் முழு எண்ணாகத் திருத்துகிற வேலை வேறு. விறகுத் தராசில் தங்கம் நிறுத்துவிட்டு, கால் பவுன் குறைகிறது என்று ஆளைத் திருப்பி அனுப்புகிறீர்கள்.

தொலைபேசியை எடுப்பவர்கள் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018இல் அது 6 சதவீதம். எடுக்கிற அந்தச் சிலரிடமும் நடப்பது என்ன? இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வரும். “இன்றைக்கே பிரைமரி நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்?” என்று தொடங்கி இருபது பெயரை வரிசை மாற்றி மாற்றி ஒரே மூச்சில் வாசிப்பார்கள். பதினைந்தாவது பெயர் வரும்போது மூன்றாவது பெயர் காதில் இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும். பிள்ளை கூப்பிடும். முன்பே தெரிந்த பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த வாசிப்பில் யார் பெயர் தெரிந்தது என்பதைத்தான் இது அளக்கிறது.

தெரிந்த பெயர் ஜெயிக்கிற பெயர் அல்ல என்பதற்கு உங்கள் வரலாறே சாட்சி. 2007இல் பெரும்பாலான மாதங்கள் குடியரசுக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் முன்னால் நின்றவர் ரூடி ஜூலியானி. மறு ஆண்டு ஒரு மாநிலத்தைக்கூட வெல்லவில்லை. 2011 முழுக்க அடிமட்டத்தில் கிடந்த ரிக் சான்டோரம் 2012 ஜனவரியில், முதலில் வாக்களித்த அயோவாவில் 34 வாக்கு வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தார். 1976இல் அதிபர் தேர்தலையே வென்ற ஜிம்மி கார்ட்டரை 1975இல் யாருக்கும் தெரியாது. எந்த ஜிம்மி என்று கேட்டார்கள். இன்றைய விதிப்படி அவர் முதல் விவாதத்துக்கு நன்கொடைக் கடிதம் எழுதியே களைத்திருப்பார்.

சரி, கணிப்பு எடுக்கிறவர்களாவது இந்த வேலையை விரும்புகிறார்களா? 2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் ஃபாக்ஸ் நியூஸ் நடத்திய முதல் விவாதத்தில் ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்துப் பேருக்கு இரவு மேடை, மீதிப் பேருக்கு மாலை ஐந்து மணிக்குக் காலி அரங்கம் என்று பிரித்தார்கள். மாரிஸ்ட் நிறுவனம் அப்போது தன் பிரைமரி கணிப்பையே நிறுத்திவைத்தது, இதற்காக நாங்கள் எண் எடுக்கவில்லை என்று. வாக்காளர் என்ன நினைக்கிறார் என்று அறியப் பிறந்த கருவி, வாக்காளர் யாரைப் பார்க்கலாம் என்று தீர்மானித்தால், அடுத்த கணிப்பில் அது அளப்பது தன் நிழலைத்தான். மேடை ஏறியவருக்கு எண் ஏறும். எண் ஏறியவருக்கு மேடை கிடைக்கும். போதாததற்கு எண் அதிகமானவரை நடுவில் நிறுத்துகிறீர்கள்.

எண்ணைப் பணம் வாங்குவதையும் பார்த்துவிட்டோம். 2020 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் கோடீஸ்வர வேட்பாளர் டாம் ஸ்டையர் நெவாடாவிலும் தென் கரோலினாவிலும் விளம்பரத்தைக் கொட்டினார், அந்த இரண்டு மாநிலங்களிலும் ஃபாக்ஸ் கணிப்பில் இரட்டை இலக்கம் வந்தது, மேடைக்கு வந்துவிட்டார். அப்புறம் அதே கட்சியில் இன்னொரு கோடீஸ்வரர், மைக்கேல் புளூம்பெர்க். அவர் யாரிடமும் நன்கொடை வாங்கவில்லை. அதனால் நன்கொடையாளர் நிபந்தனையையே எடுத்துவிட்டீர்கள். கணிப்பு மட்டும் போதும் என்று ஆனதும், சொந்தப் பணத்தில் ஊர் ஊராக விளம்பரம் ஓட்டியவருக்கு லாஸ் வேகஸ் மேடை கிடைத்தது. அங்கே சக வேட்பாளர் எலிசபெத் வாரன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றார். 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அமெரிக்கன் சமோவாவை மட்டும் வென்றுவிட்டு மார்ச் 4 அன்று விலகினார். விளம்பரத்தில் தெரிந்த புளூம்பெர்க்கும் மேடையில் தெரிந்த புளூம்பெர்க்கும் வேறு வேறு என்பதை ஒரே இரவில் விவாதம் காட்டிவிட்டது. கணிப்பு காட்டியிருந்தது விளம்பர புளூம்பெர்க்கை.

நன்கொடையாளர் எண்ணிக்கையும் ஒன்றும் யோக்கியமான வழி அல்ல. 2023இல் குடியரசுக் கட்சி மேடைக்கு வேண்டிய நன்கொடையாளர்களைச் சேர்க்க, வடக்கு டகோட்டாவின் அப்போதைய ஆளுநர் டக் பர்கம், 1 டாலர் நன்கொடை தருபவருக்கு 20 டாலர் பரிசு அட்டை கொடுத்தார். நம் ஊர்த் தேர்தல் காசு தெரிந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே காசு வாங்கியவரைத் திருப்பி ஒரு ரூபாய் கொடுத்து ரசீது வாங்கச் சொல்வதில்லை.

பணம் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? 2019 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியின் கோரி புக்கரும் ஹூலியன் காஸ்ட்ரோவும் கணிப்பு எண் போதாமல் லாஸ் ஏஞ்சலஸ் மேடைக்கு வெளியே நின்றார்கள். தகுதி பெற்றிருந்த கமலா ஹாரிஸ் பணம் இல்லை என்று சொல்லி அதற்கு முன்பே விலகிவிட்டார். அந்த மேடையில் வெள்ளையரல்லாதவர் ஆண்ட்ரூ யாங் ஒருவர்தான். ஜனவரியில் அவரும் இல்லை. முதலில் வாக்களிக்கும் மாநிலங்களில் வாரக்கணக்கில் தகுதிக்குரிய கணிப்பே எடுக்கப்படவில்லை என்றார் யாங். கட்சியே கணிப்பு எடுக்கட்டும் என்று கேட்டார். மறுத்துவிட்டீர்கள். எடுக்காத கணிப்பில் ஒருவர் எப்படித் தேறுவது?

என்னைப் போன்றவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நியூ ஜெர்சியில் பிரைமரி ஜூன் மாதம். எங்கள் முறை வருவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். முந்தைய ஆண்டு விவாதங்கள் ஒன்றுதான் எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் வேட்பாளர்களைப் பார்க்கக் கிடைக்கும் இடம். அதையும் எட்டுப் பேரின் பதிலுக்கு விட்டுவிட்டால், முதல் மாநிலத்தில் ஒரு வாக்கு விழும் முன்பே பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

இருபது பேரை ஒரே மேடையில் நிறுத்த முடியாது, அது எனக்கும் தெரியும். மயாமியில் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்தன. ஆனால் வடிகட்ட வேறு வழி இருக்கிறது. முதலில் வாக்களிக்கும் நான்கு மாநிலங்களில் பதிவு பெற்ற வாக்காளர்களின் கையெழுத்துக் கேளுங்கள். அதற்கு ஆள் வேண்டும், அலைச்சல் வேண்டும், விளம்பரம் மட்டும் போதாது. வந்தவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டு இரவாகப் பிரியுங்கள். நிற்கும் இடத்தையும் குலுக்கலிலேயே வையுங்கள். முதல் மாநிலம் முடிந்த பிறகு விழுந்த வாக்கை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கணிப்பை விடவே மாட்டோம் என்றால், எந்தெந்தக் கணிப்பு செல்லும், கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வெளியிடுங்கள். எல்லைக் கோட்டுக்கும் ஒருவரின் எண்ணுக்கும் உள்ள இடைவெளி, கணிப்பில் இயல்பாகவே வரக்கூடிய பிழையின் வரம்புக்குள் இருந்தால் அவரை உள்ளே விடுங்கள். பண்டிகைக் காலத்தில் யாரும் கணிப்பு எடுக்கவில்லை என்றால் உங்கள் செலவில் எடுங்கள்.

கடந்த மூன்று சுற்றிலும் தேர்தலுக்கு முந்தைய கோடையில்தான் முதல் விவாதம் நடந்தது. அந்தக் கணக்குப்படி 2027 கோடையில் அடுத்தது. வேட்பாளர்கள் வரிசைகட்டி, ஒவ்வொருவரின் ஆட்களும் தமக்குச் சாதகமாக விதியை இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
எடிசனிலிருந்து, இரண்டு கட்சிகளின் தபாலும் வந்து குவிகிற ஒரு வாக்காளர்