நின்றபடியே செத்த தென்னைகளை யார் எண்ணுவது?

புயல் சேதக் கணக்கெடுப்புக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்ததும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகள் ஆன கதியும் நீங்கள் அறிந்தவை. அன்று ஒரு தென்னைக்கு இழப்பீடு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். தொகையைப் பற்றி இப்போது பேசவில்லை. எண்ணிய விதத்தைப் பற்றித்தான் பேச்சு.

சாய்ந்ததும் முறிந்ததும் ஏட்டில் ஏறின. கொண்டை திருகி, மட்டை தொங்கி, ஆனால் விழாமல் நின்ற மரம் பல தோப்புகளில் கணக்கில் நல்ல மரமாகிவிட்டது. தென்னைக்குக் கிளை கிடையாது. உச்சியில் ஒரே குருத்து. அது உள்ளே நசுங்கினாலும் வெளியே சில மாதம் பச்சை தெரியும். பிறகு அழுகும். நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், கொண்டை கழன்று விழும், மொட்டைக் கம்பம் மிஞ்சும். அதற்குள் உங்கள் கோப்பு மூடியிருக்கும்.

பிழைத்த மரமும் சேதமின்றித் தப்பிவிடாது. பாளை வெடிப்பதற்குச் சுமார் இரண்டரை ஆண்டு முன்பே அதன் கரு குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. வெடித்தபின் காய் முற்ற இன்னும் ஒரு வருடம். அன்று பட்ட அடி மூன்றாம் வருட வெட்டிலும் தெரியும். புதிதாகக் கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்க்க 5 முதல் 7 ஆண்டு. அகற்றாமல் கிடந்து மட்கும் தடியில் காண்டாமிருக வண்டு பெருகி அந்தக் கன்றின் குருத்தையும் குடையும். அந்த 500 ரூபாய் தாமதமானால் நடப்பது இது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: தென்னைக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது கணக்கெடுப்பு.

அதிகாரி வந்தால் இளநீர் சீவிக் கொடுத்த ஊர்கள், புயல் வீசிய வாரம் நிவாரணம் கேட்டு மறியலில் உட்கார்ந்தன. புதுக்கோட்டை மாவட்டக் கொத்தமங்கலத்தில் அரசு ஜீப்புகள் எரிந்தன. எரித்தது சரியென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபம் காற்றின் மேல் வந்ததல்ல. 2019 ஜனவரி 28-இல் நடக்கவிருந்த திருவாரூர் இடைத்தேர்தல்கூட நிவாரணப் பணியைக் காரணம் காட்டி ரத்தானது. வாக்கை எண்ண அவகாசம் உண்டு, மரத்தை எண்ணத்தான் அவசரம் போலும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கே வருகிறோம். முதல் கணக்கெடுப்பில் சந்தேகமான மரத்துக்குப் பெயின்டில் ஒரு எண் போடுங்கள். ஆறாம் மாதம் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து வந்து, புதுக்குருத்து விரிந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். சாகுபடி செய்வது குத்தகைக்காரர் என்றால் அவர் பெயரும் அந்தப் படிவத்தில் இருக்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்த இரண்டாவது கணக்கெடுப்பை அரசாணையாக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டெல்டாவின் தென்னை விவசாயிகள்