ஃபயர்வாலில் பஃபர் தீர்ந்து நெட் நிற்பது குறித்த புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
மாங்கூழ்த் தொழிற்சாலை,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பின் எம்பஃப் கிளஸ்டர்கள் (பாக்கெட் வைக்கும் பஃபர்கள்) தீர்ந்துபோவது – தீர்வு கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஃபயர்வால் பெட்டி, கடைசி ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) அப்டேட் போட்டதிலிருந்து அடிக்கடி நெட்டை நிறுத்திவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, அப்புறம் மறுபடியும் அதே கதை. இது மாங்காய் சீசன். பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நெட் நின்றால் இ-வே பில் எடுக்க முடியாது. பில் இல்லாமல் கூழ் ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டாது. லாரிக்காரர்களிடம் பேச்சு வாங்குவது நாங்கள், உங்கள் ஹெல்ப்டெஸ்க் அல்ல.

டிக்கெட் போடும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "டாஷ்போர்டில் மெமரி 30 சதவீதம்தான் சார், பெட்டி நன்றாக இருக்கிறது." அந்த 30 சதவீதம் எனக்கும் தெரிகிறது. கோளாறு அங்கே தெரியவே தெரியாது என்பதுதான் என் புகார்.

உங்கள் பெட்டிக்குள் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். நெட்டில் வந்துபோகும் தரவுப் பாக்கெட்டுகளை அதன் மையப் பகுதியான கெர்னல், எம்பஃப் என்ற 256 பைட் துண்டுகளில் வைக்கிறது. பாக்கெட் பெரிதாக இருந்தால் கூடவே 2,048 பைட் கிளஸ்டர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கிளஸ்டர்களுக்குத் தனி உச்சவரம்பு உண்டு. எங்கள் பெட்டியில் அது 26,584 ஆக இருந்தது. அத்தனையும் தீர்ந்தாலும் சுமார் 52 எம்பிதான். 4 ஜிபி ராமில் ஒன்றரை சதவீதம்கூட ஆகாது. டாஷ்போர்டில் அது எங்கே தெரியப்போகிறது?

ஷெல்லில் போய் 'நெட்ஸ்டாட் -எம்' என்ற கட்டளை கொடுத்தால்தான் விஷயம் வெளிவருகிறது. ஞாயிறு இரவு ஆலையில் ஒரு கணினியும் ஓடாது. பயன்பாட்டில் உள்ள கிளஸ்டர் எண்ணிக்கை அப்போது இறங்க வேண்டும். வரும் பாக்கெட்டுகளுக்காகப் போர்ட்டுகளின் ரிசீவ் ரிங்கில் எப்போதும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும், அது இயல்பு. ஆனால் 19,000-ஐத் தாண்டிய எண் விடியும்வரை இறங்கவே இல்லை. திருப்பித் தரப்பட்டு, மறுபயன்பாட்டுக்காகக் கேச்சில் கிடந்தால் நான் பேசியே இருக்க மாட்டேன். இது 'கரண்ட்' (இப்போது பயன்பாட்டில் உள்ளவை) கணக்கில் நிற்கிறது. நெட் நிற்கும் நேரத்தில் மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது, வரம்பை எட்டிவிட்டதாகக் கன்சோலிலும் செய்தி வருகிறது. வெளி இணைய இணைப்புக்கான இரண்டாவது போர்ட்டின் (WAN) கேபிளைக் கழற்றினால் எண் ஏறுவது நிற்கிறது, மாட்டினால் மறுபடி ஏறுகிறது. அந்தப் போர்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் மேல்தான் என் சந்தேகம்.

இதையெல்லாம் காட்டிய பிறகும், ஓசூரிலிருந்து வந்த உங்கள் இன்ஜினியர் வரம்பை ஒரு லட்சமாக்கிவிட்டுப் போனார். ஓட்டைக் குடத்தை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஓட்டைக் குடத்தை வைத்தது போலத்தான் இது. நெட் நிற்பது கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவே. ஒரு லட்சமும் தீர்ந்தாலும் 200 எம்பிக்குள்தான் வரும் என்பதால் உங்கள் டாஷ்போர்டு அப்போதும் பச்சையாகவே இருக்கும்.

டிரைவரைச் சரிசெய்த ஃபர்ம்வேர் கொடுங்கள். அது தாமதமாகும் என்றால், பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பினால் வாரண்டி போகாது என்று எழுதிக் கொடுங்கள்; வாயால் சொன்னது போதாது. டாஷ்போர்டில் கிளஸ்டர் பயன்பாடு, வரம்பு, மறுக்கப்பட்ட எண்ணிக்கை மூன்றும் தெரிய வேண்டும். எஸ்என்எம்பி என்ற நெட்வொர்க் கண்காணிப்பு முறை வழியாக எச்சரிக்கை வரும்படி செய்தால் லாரி கேட்டில் நிற்கும் முன்பே நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஏற்கெனவே கெர்னல் எண்ணி வைத்திருப்பதைத் திரையில் காட்டச் சொல்கிறேன், புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

நெட்ஸ்டாட் பதிவுகளும் கன்சோல் பதிவும் இணைப்பில் உள்ளன. இரண்டு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிப்புக்கான தொகையை நிறுத்திவைக்க எங்கள் நிர்வாகம் முடிவு செய்துள்ளது.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்