எச்.ஆர். அறை காலை 5.30க்குத் திறக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறையினருக்கு நிலையான அலுவலக நேரம் இனித் தேவையில்லை, மடிக்கணினியும் கைபேசியும் இருந்தால் போதும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. ஐ.டி. கம்பெனிகளுக்கு அது பொருந்தலாம். அங்கே வேலை பார்ப்பவரும் வீட்டில் இருக்கிறார், எச்.ஆரும் வீட்டில் இருக்கிறார். நான் எழுதுவது தொழிற்சாலையைப் பற்றி. அம்பத்தூரில் தொடங்கி ஒரகடத்தில் ஓய்வுபெறும் வரை 31 ஆண்டுகள் இந்தத் துறையில்தான் இருந்தேன். நான் சேர்ந்தபோது இதற்குப் பெர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர். பெயர் மாறியது, அறை மாறியது, ஜெனரல் ஷிப்ட் மட்டும் மாறவே இல்லை.

எங்களுக்கு வேலை காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. தொழிலாளிக்கு ஏ ஷிப்ட் 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் 10, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6. சி ஷிப்ட் முடிந்து பஞ்ச் அடித்து வெளியே வருகிறவருக்கு எங்கள் அறை பூட்டித்தான் இருக்கும். கம்பெனி பஸ் 6.20க்குக் கிளம்பிவிடும். எங்களுக்காகக் காத்திருந்து அதை விட்டால் ஷேர் ஆட்டோ மாறி மாறி ரூமுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் ராத்திரி முழுக்க நின்ற காலோடு. ஏ ஷிப்ட் முடியும் 2 மணிக்கு நாங்கள் சீட்டில் இருப்போம், ஆனால் பஸ் 2.20. பி ஷிப்டில் இருப்பவர் லைனை விட்டு வர வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். “எச்.ஆர்.கிட்ட உனக்கு என்ன வேலை?” என்பார் அவர். அதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் லீவு, எங்களுக்கும் லீவு.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர், 22 வயது இருக்கும். அப்பாவின் ஆபரேஷனுக்காகப் பி.எஃப். முன்பணம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பி.எஃப். கணக்கில் வெறும் இனிஷியல். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பெயரைத் திருத்த அப்போது கம்பெனியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. எங்கள் தரப்பில் அது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்காக மூன்று நாள் காலையில் எங்கள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பஸ் ஹாரன் அடிக்கும் வரை நின்றுவிட்டுப் போயிருக்கிறார். நான்காம் நாள் பஸ்ஸை விட்டுவிட்டு செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் 8.30க்கு வந்தபோது சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் நான்காக மடித்த ஆதார் ஜெராக்ஸ். மடிப்பில் மை உதிர்ந்து இரண்டு எண்கள் காணாமல் போயிருந்தன. “ஏம்மா, ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?” என்றேன். “உங்க நம்பர் சூப்பர்வைசர் சார்கிட்டதான் இருக்குன்னாங்க சார்.”

எந்நேரமும் ஃபோனில் கிடைக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். யாருக்குக் கிடைத்தேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மேனேஜருக்கும், சூப்பர்வைசருக்கும், கான்ட்ராக்டருக்கும் கிடைத்திருக்கிறேன்.

அதன் பிறகு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை 5.30க்கு அறையைத் திறந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே போகிற சி ஷிப்டும் உள்ளே வருகிற ஏ ஷிப்டும் அந்தக் கதவைக் கடந்துதான் போக வேண்டும். முதல் வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. லேட்டாக வருபவர்களைப் பிடிக்க உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் பே ஸ்லிப்போடு வந்தார், ஓ.டி.யில் நான்கு மணி நேரம் விட்டுப்போயிருந்தது. அடுத்து ஈ.எஸ்.ஐ. கார்டில் மனைவி பெயர் ஏறாத ஒருவர். ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வந்து கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். லைனில் ஒருவர் தரும் தொல்லையைச் சொல்லத்தான் வந்திருந்தார். பகலில் ஏன் வரவில்லை என்றதற்கு, “பகல்ல இந்த ரூமுக்குள்ள வந்தா லைன் முழுக்கத் தெரிஞ்சிடும் சார். ஷிப்ட் மாறுற கூட்டத்துல யாரும் பார்க்க மாட்டாங்க” என்றார். பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. உள்ளகப் புகார்க் குழுவின் பலகை எங்கள் கேட்டிலும் தொங்கியது. அந்தப் பலகையை நம்பி வருகிறவருக்கு அவரால் வர முடிந்த நேரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டாமா?

2021 டிசம்பரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலரைப் பற்றி உறுதியான தகவல் கிடைக்காமல், இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. மற்ற பெண்கள் இரவில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று அந்த நேரத்தில் முன்னால் வந்து, யார் யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவில், 500 தொழிலாளர் இருந்தால் அவர்கள் குறைகளைக் கவனிக்க ஒரு நல அலுவலர் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, தொழிலாளர் பாதுகாப்பு குறித்த புதிய சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த 49ஆம் பிரிவு, நல அலுவலர் எந்த நேரத்தில் சீட்டில் இருக்க வேண்டும் என்று பேசவே இல்லை. அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு தொழிலாளியின் வேலை நேரத்தை எழுதி மாட்டச் சொன்னது. ஷிப்ட் நேரத்துக்குப் பக்கத்திலேயே எச்.ஆர். நேரத்தையும் தமிழில் எழுதி மாட்டச் சொல்லட்டும் என்பதுதான் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு என் கோரிக்கை. வட மாநிலத் தொழிலாளர் இருந்தால் இந்தியிலும் எழுதட்டும்.

எச்.ஆரில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே என்று கேட்பார்கள். அவர்களுக்காகவும்தான் நிலையான நேரம் கேட்கிறேன். எனக்கு ஜூனியராக இருந்த பெண், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்துவிட்டு ஆசையாக இந்த வேலைக்கு வந்தவர். குழந்தைக்கு ஒரு கையால் சோறு ஊட்டிக்கொண்டே மறு கையில் ஃபோனைப் பிடித்திருப்பார். பஸ் வரவில்லை, கேன்டீனில் சாம்பார் தீர்ந்துவிட்டது, எல்லாம் வாட்ஸ்அப்பில் ராத்திரி 11 மணிக்கு அவருக்கு வரும். இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டார். போர்டில் நேரம் எழுதியிருந்தால் அந்த நேரம் முடிந்ததும் அவரும் எழுந்து போகலாம். விபத்து, உடல்நலக் குறைவு போன்றவற்றுக்கு ஒரு பொது ஃபோன் வைத்து, வாரம் ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளலாம்.

1,200 பேருக்கு நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருவர் காலை 5.30 முதல் 1.30 வரை, ஒருவர் மதியம் 2.30 முதல் இரவு 10.30 வரை, மற்ற இருவர் ஜெனரல் ஷிப்ட், வாரம் வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். யாருக்கும் ஒரு மணி நேரம்கூட வேலை அதிகமாகாது. அதிகாலையில் வண்டிக்கு என்ன செய்வது என்று மேலே கேட்டார்கள். ஏ ஷிப்டுக்கு எப்படியும் பஸ் ஓடுகிறதே, அதிலேயே வரலாம் என்றேன். கடைசி ஒன்றரை வருடம் நான் அதில்தான் வந்தேன். பாதி விஷயங்கள் பஸ்ஸிலேயே காதுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளர் நல அலுவலர்,
திருவள்ளூர்.